கைகள் திக்கிய வாரம்

கார்த்திகேசுவின் வலது கை நெஞ்சுக்கு நேராக எழுந்தது. அங்கேயே நின்றது. அடுத்த கணம் அது தோளுக்கு மேலே இருந்தது. நடுவில் அந்தக் கை என்ன சொல்லிற்று என்பது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத்தான் வெளிச்சம்.

என் தங்கை யோகலட்சுமி படத்தை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள். பத்தாவது முறை. நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று அந்தப் பெட்டியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டாலும் என் பாதி நாள் அப்பா வீட்டில்தான். எனக்கு முன்கோபம் அதிகம். பீச் ஸ்திரீட்டில் நான் வேலை பார்க்கும் கப்பல் ஆபீசில் கேட்டால் யாரும் சொல்வார்கள்: ஞானாம்பிகை முகம் சிவந்தால் அன்றைக்குக் கோப்புகள் தானாகவே நகரும். கம்ப்யூட்டர் மட்டும் நகரவில்லை.

யோகத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஈப்போவில் இருக்கும் கார்த்திகேசுவுக்கும் அப்படித்தான். முப்பத்திரண்டு வயது. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிச் சீராக்கித் தரும் கடையில் வேலை. சொந்தக்காரர் மூலமாகச் சம்பந்தம் வந்தது. சாதகம் பொருந்தியது. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. யோகம் மட்டும் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அவர் பேசுவதைத் தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொரு சம்பந்தம் வந்தது. அந்தப் பையனுக்கும் காது கேட்காது. பெண் பார்க்க வந்த அன்று அவன் கையைத் தூக்கும்போதெல்லாம் அவன் அம்மா அதைப் பிடித்து மடியில் வைத்து அமுக்கினாள். நாலு பேர் முன்னால் கையை ஆட்டக் கூடாதாம். பெரியவர்கள் இரண்டு மணி நேரம் பேசினார்கள். கல்யாணம் கட்டப் போகிற இரண்டு பேரும் வாசலில் கட்டிய வாழைமரம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அன்று சாயங்காலம் யோகம் வேண்டாம் என்றாள். தன் கைக்கு வெட்கப்படுகிறவன் முன்னால் இனி உட்கார மாட்டேன் என்றாள்.

நீங்கள் கையால் பேசுவதைப் பார்க்க வேண்டும் என்று கார்த்திகேசுவுக்கு அவளே பேக்ஸில் எழுதிக் கேட்டாள். டெலிபோன் பேச முடியாதவர்களுக்கு அந்தக் காலத்தில் பேக்ஸ்தான் வாய். அவர் சளைக்கவில்லை. கடையிலேயே கேமரா முன்னால் உட்கார்ந்து ஆறு நிமிடம் கையால் பேசி, அதை சி.டி.யில் பதிந்து அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை தபாலில் வந்தது. மேலே சிவப்பு மையில் 'யோகலட்சுமி பார்க்க' என்று எழுதியிருந்தது.

நம்மைப் போன்றவர்களுக்குப் படம் நின்று நின்று வந்தாலும் பாதகமில்லை, குரல் வந்துகொண்டிருக்கும். அவர்களுக்கோ படம்தான் குரல். கை ஓரிடத்தில் கிளம்பி இன்னோரிடத்தில் இறங்குகிறதே, அந்தப் போகிற வழிதான் வார்த்தை. எங்கள் கம்ப்யூட்டர் அந்த வழியை மட்டும் பார்த்துப் பார்த்து விழுங்கியது.

அப்பா விநாசித்தம்பி ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயதிலும் அவருக்கு உலகம் கால அட்டவணைப்படிதான் ஓட வேண்டும். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குள்ள பிள்ளை ஒரு பதில் சொல்ல வேணும். சொல்லாட்டி, வரச் சொல்லி நானே பேக்ஸ் அனுப்பிப்போடுவன். பிறகு மறுக்கிற வேலை வேண்டாம்."

என்ன, என்ன என்று யோகம் என் கையைச் சுரண்டினாள். நான் வாயில் சோறோடு, அப்புறம் சொல்றேன் என்று சுட்டுவிரலால் காற்றில் ஓர் அரைவட்டம் போட்டேன். எங்கள் வீட்டில் அதிகம் புழங்கும் சைகை அதுதான். அவள் பள்ளிக்கூடத்தில் படித்து வந்த கைப்பேச்சில் எனக்குப் பாதிதான் வரும், அப்பாவுக்கு ஒன்றும் வராது. ஆனால் இந்த அரைவட்டம் இரண்டு பேருக்குமே தண்ணீர் பட்டபாடு.

டேப்பில் பதிந்து அனுப்பச் சொல்லலாம் என்றால், எங்கள் வீட்டு வீடியோ பெட்டி போன வருடமே நாடாவைத் தின்னத் தொடங்கி, அப்பா அதைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டிருந்தார். பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்காவிடம் புத்தம்புது வி.சி.டி. பெட்டி இருந்தது. அதில் போட்டால் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே துப்பியது. கம்ப்யூட்டருக்காகப் பதிந்த தட்டை அது ஏற்காதாம். ஆக, விதி எங்கள் வீட்டு முன்னறையில், பூப்போட்ட உறைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் யோகம் தன் சம்பளத்தில் வாங்கியது. மூன்று வருடத்துக்கு முன் கொம்தாரில் ஒரு கடையில் பக்கத்தில் நின்று, கட்டச் சொல்லி எடுத்து வந்தாள். உறை நான் தைத்தது. தொண்ணூற்றெட்டில் மூன்று வருடக் கம்ப்யூட்டர் என்றால் கிழம். ஆனாலும் எங்கள் வீட்டில் அதற்கு மருமகனுக்குரிய மரியாதை.

புதன்கிழமை வாசு வந்தான். டத்தோ கிராமாட்டில் எங்கள் தெரு முனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். முதலில் சி.டி.யைத் துணியால் துடைத்துப் பார்த்தான். பிறகு படத்தைத் தட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குள்ளேயே இறக்கி ஓட்டினான். கை திக்கியது. படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாக்கினான். சின்னதாகத் திக்கியது. நிறங்களைக் குறைத்தான். கார்த்திகேசுவின் முகத்தில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகப் படை விழுந்ததே தவிர கை ஓடவில்லை. கடைசியில் பெட்டியைக் கழற்றித் தூசி ஊதினான்.

பெட்டியின் முன்பக்கத்தில், போன வாரம் சரஸ்வதி பூசைக்கு நான் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாக இருந்தன. வாசு அதன்மேல் விரல் படாமல் பெட்டியைப் பக்கவாட்டில் பிடித்து, மெல்லத் திருப்பி, பின்பக்கமாகத் திறந்தான். சாமிக்கு வைத்த பொட்டு தானாக உதிர வேண்டுமே தவிர நாம் துடைக்கக் கூடாது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பக்தியுள்ள பிள்ளையா என்று எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. இன்னொரு கோப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

அதைக் குடித்துவிட்டு அவன் தீர்ப்புச் சொன்னான். "அக்கா, இது பழைய மெஷின்லா. வீடியோவெல்லாம் இது இழுக்காது. இல்லாட்டி அவங்க பதிஞ்சதுலயே கோளாறு இருக்கும். புதுசு எடுங்க, இல்ல நம்ம கடைக்கு வந்து பாருங்க. பெரிய ஸ்கிரீன், சூப்பரா ஓடும்."

யோகம் அவன் உதட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அரைவட்டம் போட்டேன். வாசு போன பிறகு சுருக்கமாகச் சொன்னேன்: பழசு, ஓடாது, கடைக்குப் போய்ப் பார்க்கலாம். அவன் கால் மணி நேரம் பேசியதற்கு நான் கொடுத்த கணக்கு மூன்றே துண்டு.

அவள் முகம் மாறிவிட்டது. கடைக்குப் போக முடியாது என்றாள். ஒருவர் என்னிடம் முதல்முதலாகப் பேசுகிறார், அதை நான் மவுஸ் வாங்க வருகிற ஆட்கள் நடுவில் நின்று பார்க்க வேண்டுமா? உன்னை மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று உன் பேச்சை ஒலிபெருக்கி வைத்துத் தெருவுக்குப் போட்டார்களா? இந்த வீட்டில் பார்த்தால் பார்ப்பேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்று எழுதிவிடுவேன் என்றாள். அவளுடைய கைகள் கோபத்தில் ஒன்றோடொன்று மோதிக் கொண்டன. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் பதிலுக்குக் கத்தினேன். கேட்காத பிள்ளையிடம் கத்துவதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது எனக்கு இருபத்தொன்பது வருடமாகத் தெரியும். இருந்தும் கத்துவேன்.

வியாழனும் வெள்ளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே போயின. எனக்கு உள்ளுக்குள் பயம். ஒன்று, இவள் பிடிவாதத்தில் நல்ல சம்பந்தத்தை உதறிவிடுவாள். இல்லாவிட்டால் அப்பா ஆறு மணிக்கு பேக்ஸை அனுப்பிவிடுவார், இவள் தட்டுக்கு முன்னால் மறுபடியும் வாழைமரமாக உட்காருவாள்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நான் அப்பா வீட்டுக்குப் போனபோது யோகம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். அழுத முகமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அவளோ வேலைக்குப் போகிற முகத்தோடு, மடியில் நோட்டுப்புத்தகம் வைத்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே கொசுவின் கால் அளவுக் கம்பிகளில் கோணல் கண்டுபிடிப்பது அவள் வேலை. அங்கே அவளுடைய மேற்பார்வையாளர் நோர்மா ஒரு பழக்கம் வைத்திருந்தாள். ஒரு நாள் திடீரென்று கழிவு அதிகமானால் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. முதலில், நல்லது என்று முன்பே தெரிந்த ஒரு மாதிரியை எடுத்து அதே கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு கோல்டன் சாம்பிள் என்று பெயராம். நல்ல மாதிரியும் தவறாகக் காட்டினால் கோளாறு பொருளில் இல்லை, கருவியில். கருவி நேற்று வரை நன்றாக இருந்தது என்றால் அடுத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் எது மாறியது?

யோகம் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். கம்ப்யூட்டர் வாங்கிய அன்று கூடவே கொடுத்த ஒரு தட்டைப் போட்டாள். அதில் ஒரு டால்பின் கடலிலிருந்து துள்ளி விழும் சின்னப் படம் உண்டு. அப்பாவுக்கு அது உயிர். வருகிற விருந்தாளிக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டுவார். நானே நூறு தடவை பார்த்திருப்பேன். வழுக்கிக்கொண்டு எழும்பி வழுக்கிக்கொண்டு விழும்.

இன்று டால்பின் எழும்பியது. ஆகாயத்தில் நின்றது. பிறகு தண்ணீருக்குள் இருந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. அப்படியானால் ஈப்போக்காரர் பதிந்ததில் பிழை இல்லை. கம்ப்யூட்டர் கிழம் என்பதும் பொய், ஏனென்றால் போன மாதம் இதே கிழம் இதே டால்பினைத் துள்ள வைத்தது. பதினைந்து நாளில் யாருக்கும் இவ்வளவு வயதாகிவிடாது.

எது மாறியது? யோகம் நோட்டைக் காட்டினாள். வரிசையாக எழுதியிருந்தாள். புதிதாக எதையும் உள்ளே போடவில்லை. இடி மின்னல் இல்லை. கடைசியாக டால்பின் நன்றாகத் துள்ளியது பூசைக்கு இரண்டு நாள் முன்பு, யாரோ வந்தபோது. பூசையன்று பெட்டியை மேசையிலிருந்து தூக்கிச் சாமி அறையில் அப்பாவின் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் வைத்தோம். மறுநாள் திரும்பக் கொண்டுவந்தோம். அவ்வளவுதான்.

வயர் ஏதும் தளர்ந்திருக்கும் என்றேன். எல்லாவற்றையும் காலையிலேயே கழற்றி மாட்டிவிட்டாளாம். பிறகு இரண்டடி பின்னால் தள்ளி நின்று, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிப் பெட்டியின் முகத்தையே பார்த்தாள். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. பெட்டி மங்களகரமாக இருந்தது, அவ்வளவுதான்.

திடீரென்று அவள் என் தோளைத் தட்டினாள். இங்கே ஒரு பச்சை எண் எரியுமே, நூறு என்று, அது எங்கே என்று கேட்டாள்.

நான் பார்த்தேன். எண் எரிகிற சின்னக் கண்ணாடி இருந்த இடத்தில் என் சந்தனம் இருந்தது. எனக்குக் கை தாராளம். மற்றவர்கள் புள்ளி வைத்தால் நான் அப்புவேன். தையல் மெஷினுக்கும் டைப்ரைட்டருக்கும் அப்பிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, நெற்றி மாதிரி வாகான இடமாகப் பார்த்துக் கட்டைவிரலால் அழுத்தி வைத்தது நினைவுக்கு வந்தது. பூசையன்று ஏதோ 'டிக்' என்று சத்தம் கேட்டதும் சேர்ந்தே நினைவுக்கு வந்தது. வளையல் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவள் கை பொட்டை நோக்கிப் போனது. பழக்க தோஷம், நான் அதைப் பிடித்தேன். துடைக்கக் கூடாது. அவள் என் கட்டைவிரலைச் சுட்டிக்காட்டினாள். பிறகு கேட்டாள்: எது மாறியது?

அவ்வளவு வெட்கமாக எனக்கு வாழ்க்கையில் இருந்ததில்லை. திங்கள் முதல் சனி வரை வாசுவை, ஈப்போக்காரரை, கம்ப்யூட்டரை, கொம்தார் கடைக்காரனை எல்லாம் வைதேன். குற்றம் என் கையிலேயே இருந்தது. கலைவாணியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, முந்தானை நுனியை நனைத்து நானே துடைத்தேன். சந்தனம் ஓடாக உரிந்து வந்தது. அடியில் பச்சையாக எரிந்தது எண்.

ஐம்பது.

அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். அதன் சந்திலும் சந்தனம் இறுகியிருந்தது. யோகம் கம்ப்யூட்டரோடு வந்த சிறு புத்தகத்தை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். இந்த மாதிரிப் பழைய பெட்டிகளுக்கு முழு வேகம், பாதி வேகம் என்று இரண்டு உண்டாம். முழு வேகம் தாங்காத சில பழைய விளையாட்டுகளுக்காக அந்தப் பொத்தான். வாங்கிய நாள் முதல் யாரும் அதைத் தொட்டதில்லை. நான்தான் சரஸ்வதியின் பெயரால் அமுக்கி, அசையாமல் பூசியும் வைத்திருக்கிறேன். வாசுவும் பக்திமானாகப் போனதால் முகத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் வைத்தியம் பார்த்தான்.

அவள் ஊக்கு முனையால் சந்தனத்தைச் சுரண்டினாள். நீயே அமுக்கு என்று என்னைப் பார்த்தாள். நான் அமுக்கினேன். 'டிக்.' ஐம்பது மறைந்து நூறு எரிந்தது.

முதலில் டால்பினைப் போட்டாள். அது ஒரே வீச்சில் எழும்பி, வளைந்து, தண்ணீரைத் தெறிக்க அடித்துக்கொண்டு விழுந்தது. "அப்பா, உங்கட மீன் துள்ளுது" என்று நான் கத்தியதில் அப்பா பேப்பரோடு ஓடி வந்தார். யோகம் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிவப்பு மையில் தன் பெயர் எழுதிய தட்டை எடுத்து உள்ளே தள்ளினாள்.

கார்த்திகேசுவின் வலது கை நெஞ்சுக்கு நேராக எழுந்தது. எழுந்தது, சுழன்றது, இடது கையைத் தொட்டது, முகத்துக்குப் போனது, விரிந்தது, போய்க்கொண்டே இருந்தது. மனிதர் எவ்வளவு வேகமாகப் பேசுகிறார். புருவம் பேசுகிறது, தோள் பேசுகிறது. வாரம் முழுவதும் மரப்பாச்சி மாதிரி தெரிந்தவர், இப்போது பார்த்தால் சரியான வாயாடி. என்னால் பாதிதான் பிடிக்க முடிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிடும்போது சிரிப்பார்கள், நான் என்ன என்று கேட்பேன் என்றார். சுட்டுவிரலால் காற்றில் ஓர் அரைவட்டம் போட்டுக் காட்டினார். அப்புறம். எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் முப்பத்திரண்டு வருடமாக அந்த அப்புறம் மட்டும் வரவே இல்லை. உங்கள் வீட்டில் வந்ததா? எனக்கு அமைதியான பெண் வேண்டாம். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கையால் சண்டை போடுகிற பெண் வேண்டும். என்னிடம் எதையும் பாதியில் விடாதவள் வேண்டும்.

எனக்குக் கண் பொங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று என்று இந்த வாரமே நான் போட்ட அரைவட்டங்கள் எனக்குத் தெரியும். அதற்கு முந்திய வருடங்களை எண்ணினால் விரல் போதாது. யோகமோ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவளுக்குத் தன் சிரிப்புச் சத்தம் கேட்காது, அதனால் அளந்து சிரிக்கவும் தெரியாது. தெருவில் போன சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன சொல்லுறான் பெடியன்?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் மீதிப் பாதி தெரிந்தாக வேண்டும். நான் யோகத்தின் தோளைத் தொட்டு, என்ன சொன்னார் என்று கேட்டேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலது கையை மட்டும் தூக்கிச் சுட்டுவிரலால் காற்றில் ஓர் அரைவட்டம் போட்டாள்.

அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போய் மேசையில் உட்கார்ந்தோம். உள்ளே ஒருவர் பேசுகிறார், ஒருத்தி சிரிக்கிறாள், நமக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, எனக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. இவள் இப்படியே இருபத்தொன்பது வருடம் இருந்திருக்கிறாள்.

அவள் படத்தை இன்னொரு முறை முழுவதும் பார்த்தாள். பிறகு எழுந்து, பேக்ஸ் தாளில் எழுதி, தானே அனுப்பினாள். தாளை மேசையில் எங்கள் முன்னால் வைத்தாள். பள்ளிக்கூட மலாயில் மூன்று வரி. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எல்லார் முன்னாலும் கையால்தான் பேசுவேன். சண்டை இரண்டாவது நாளிலிருந்து ஆரம்பம். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பது. ஒரு மணி பத்து நிமிடம் முந்தி வந்துவிட்டது என்றார். ரயில்வேயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மறுநாள் விருந்தாளிகள் வருவதற்கு முன் கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பொட்டு வைத்தேன். பெட்டியின் உச்சியில், பொத்தான் எதுவும் இல்லாத இடமாகத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தேன்.

ஆனால் அது மறுநாள். அன்று சாயங்காலம், பேக்ஸ் போன கையோடு யோகம் ஒரு நாற்காலியை இழுத்து எங்கள் இருவருக்கும் எதிரே போட்டு உட்கார்ந்தாள். எனக்கு விளங்கும் வேகத்தில் கையை மெதுவாக்கி, நான் அப்பாவுக்குச் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து காத்திருந்து, கார்த்திகேசு சொன்ன ஆறு நிமிடத்தையும் முதலிலிருந்து கடைசி வரை, ஒரு சொல் விடாமல் சொன்னாள். எங்களுக்கு அந்த அப்புறம் இருபது நிமிடத்தில் வந்துவிட்டது.